ரியோவில் நடக்காத இரண்டு போட்டிகள்

ரெஸ்லிங்கில் இன்டர்கான்டினென்டல் சாம்பியன் பட்டத்துக்கான பெல்ட்டை முதன்முதலில் வென்றவர் யார்? ரெஸ்லிங் விடாமல் பார்ப்பவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பேட் பேட்டர்சன் என்பார்கள். 1979 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் ஒரு டோர்னமென்ட் நடந்தது, தன்னிடம் ஏற்கெனவே இருந்த வட அமெரிக்கப் பட்டத்தோடு தென் அமெரிக்கப் பட்டத்தையும் அவர் அங்கே சேர்த்துக்கொண்டார், அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பெல்ட். ஆண்டு, ஊர், பெயர் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. ஒரே ஒரு குறை, அப்படி ஒரு டோர்னமென்ட் நடக்கவே இல்லை. பேட்டர்சனே பிற்காலத்தில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரியோவுக்கு இது முதல் தடவையும் இல்லை. இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என்று நாம் சொல்லும் கம்பெனியின் முதல் சாம்பியன் பட்டி ராஜர்ஸ். அவரும் 1963-இல் ரியோவில் ஒரு டோர்னமென்ட்டின் இறுதி ஆட்டத்தில் அன்டோனினோ ரோக்காவைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியதாகத்தான் அறிவித்தார்கள். அதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு கதை. அந்த ஆண்டு ஜனவரி 24 அன்று டொரான்டோவில் ராஜர்ஸ், பல ரெஸ்லிங் கம்பெனிகளின் கூட்டமைப்பான என்.டபிள்யூ.ஏ.வின் உலகப் பட்டத்தை லூ தெஸ்ஸிடம் பறிகொடுத்தார். உலகப் பட்டம் என்றால் மூன்றில் இரண்டு முறை வீழ்த்த வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இந்த ஆட்டம் ஒரே வீழ்த்தலில் முடிந்துவிட்டது. அதைச் சாக்காக வைத்து, அமெரிக்காவின் வடகிழக்கில் தொழில் நடத்திக்கொண்டிருந்த வின்சென்ட் ஜே. மக்மானும் டூட்ஸ் மாண்ட்டும் முடிவை ஏற்க மாட்டோம் என்று தனிக் கடை போட்டார்கள். தனிக் கடைக்குச் சொந்தமாக ஒரு பட்டம் வேண்டும், பட்டத்துக்கு ஒரு பிறப்புக் கதையும் வேண்டும். நியூயார்க் ரசிகர் யாரும் போய் விசாரித்துவிட முடியாத தூரத்தில் ரியோ இருந்தது. மே 17 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் புரூனோ சம்மார்ட்டினோ 48 விநாடியில் ராஜர்ஸை முடித்துவிட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். அது மட்டும் நிஜமாகவே நடந்தது. அதாவது, ரெஸ்லிங்கில் எவ்வளவு நிஜமாக நடக்குமோ அவ்வளவு.

ரெஸ்லிங் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் உள்ள சிக்கலும் சுவையும் இதுதான். எந்தக் கேள்விக்கும் குறைந்தது இரண்டு பதில் இருக்கும், இரண்டுமே சரியாக இருக்கும். கதைக்குள் நடந்தது ஒன்று, அந்தக் கதையை அப்படி எழுத வைத்த காரணம் இன்னொன்று. ஏதாவது ஒன்றை மட்டும் சொல்கிறவர் பாதிதான் சொல்கிறார். ‘அதெல்லாம் செட்டப்பு’ என்று ஒரே போடாகப் போடுகிறாரே, அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏன் ரியோ, ஏன் 1963, ஏன் ராஜர்ஸ் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

போதாக்குறைக்கு, மூன்றாவதாகக் கம்பெனிக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஃபேபுலஸ் மூலா 1956-இலிருந்து 1984 வரை 28 ஆண்டுகள் பெண்கள் பட்டத்தைத் தொடர்ந்து வைத்திருந்தார் என்கிறது கம்பெனியின் பட்டியல். உண்மையில் 1966-இல் பெட்டி பவுச்சர், 1968-இல் ஜப்பானில் யுகிகோ டொமோயே, 1976-இல் சூ கிரீன் என்று இடையிடையே பலரிடம் அவர் தோற்று, திரும்ப வாங்கியிருக்கிறார். அந்தத் தோல்விகளும் திட்டமிட்டவைதான், ஆனால் ஆட்கள் பார்க்க நடந்தவை. பட்டியலில் அவை இல்லை. 28 ஆண்டு என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அதேபோல 1979 நவம்பர் 30 அன்று ஜப்பானின் தொகுஷிமாவில் அன்டோனியோ இனோகி பாப் பேக்லண்டை வென்று சாம்பியன் ஆனார். ஒரு வாரத்தில் மறு ஆட்டம், அதில் டைகர் ஜீத் சிங் குறுக்கே வந்து குழப்பம், பட்டம் காலி என்று அறிவிப்பு, பிறகு மறுபடி பேக்லண்ட். கம்பெனிப் பட்டியலைத் திறந்து பார்த்தால் இனோகி பெயரே கிடையாது. பேக்லண்ட் 1978-இலிருந்து 1983 வரை இடைவெளி இல்லாமல் சாம்பியன். ரியோவில் நடக்காத ஆட்டத்துக்குப் பட்டியலில் இடம் உண்டு, தொகுஷிமாவில் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்துக்கு இல்லை. இதை ரசிக்கத் தெரியாதவர்களுக்கு ரெஸ்லிங் வரலாறு கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

வரலாற்றுக் கேள்விகளில் முதலிடம் ‘எப்போதிலிருந்து முடிவைப் பேசிவைத்து ஆட ஆரம்பித்தார்கள்?’ என்பதற்குத்தான். கேட்பவர்கள் ஒரு தேதியை எதிர்பார்க்கிறார்கள். தேதி கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிஜ ஆட்டமும் பேசிவைத்த ஆட்டமும் கலந்துதான் நடந்தன. நிஜம் என்று நம்பி ஆட்கள் உட்கார்ந்த ஆட்டங்கள் எப்படி இருந்தன என்று பார்த்தால் காரணம் புரியும். 1908-இல் சிகாகோவில் ஃபிராங்க் காட்ச்சும் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட்டும் மோதியது இரண்டு மணி நேரத்துக்கு மேல். 1916 ஜூலை 4 அன்று ஒமாஹாவில் ஜோ ஸ்டெக்கரும் எட் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கடைசியில் டிரா. டிக்கெட் வாங்கியவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1920களில் அதே லூயிஸும் அவருடைய மேனேஜர் பில்லி சாண்டோவும் டூட்ஸ் மாண்ட்டும் சேர்ந்து இதை ஒரு ஷோவாக மாற்றினார்கள். நேரத்துக்கு வரம்பு வந்தது, கண்ணைப் பறிக்கும் தாவல்களும் வீச்சுகளும் வந்தன, அடுத்த வாரமும் வர வைக்கும் முடிவுகள் வந்தன. 1963-இல் ரியோ கதையில் தலைகாட்டும் அதே மாண்ட் தான் இவர்.

வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஆண்டு எது என்று கேட்டால் அதற்குப் பதில் உண்டு, 1989. நியூ ஜெர்சி செனட்டிடம் மக்மான் தரப்பே (இது மகன் வின்ஸ் மக்மான்) போய், இது போட்டி இல்லை, பொழுதுபோக்குதான் என்று சொன்னது. மனசாட்சி உறுத்தி ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டு என்றால் மாநில ஆணையத்தின் கட்டுப்பாடு, வரி எல்லாம் உண்டு. பொழுதுபோக்கு என்றால் கிடையாது. பல பத்தாண்டுகள் மனைவி மக்களிடம்கூட மறைத்த ரகசியத்தை வரிக்காக விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1987-இல், அதே நியூ ஜெர்சியில் அயர்ன் ஷேக்கும் ஹேக்ஸா ஜிம் டக்கனும் போதைப்பொருள் வைத்திருந்ததாகப் போலீஸிடம் சிக்கினார்கள். தொழிலுக்குள் இருந்தவர்களைப் பதற வைத்தது போதைப்பொருள் மட்டும் இல்லை. கதைப்படி இருவரும் பரம விரோதிகள், சிக்கியபோது ஒரே காரில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது ஆண்ட்ரே. 1987 மார்ச் 29, போன்டியாக் சில்வர்டோம், கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவின் மூன்றாவது பதிப்பு. பதினைந்து ஆண்டுகளாகத் தோற்காத, யாராலும் தூக்கிப் போட முடியாத ஆண்ட்ரே தி ஜயன்ட்டை ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்டார், 93,173 பேர் பார்த்தார்கள். இந்த வாக்கியத்தில் தேதியும் ஊரும் ஆள்களும் மட்டும் உறுதி. ஆண்ட்ரே தோற்றிருக்கிறார். 1984-இல் மெக்சிகோவில் எல் கானெக்கிடம், 1986-இல் ஜப்பானில் இனோகியிடம். தூக்கியும் போட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் இதே ஹோகன். 1980 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில், ஹோகன் வில்லனாக இருந்த காலத்தில். அந்த 93,173? உண்மையில் 78,000 சொச்சம்தான் என்று ரெஸ்லிங் செய்தியாளர் டேவ் மெல்ட்ஸர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். என் கட்சி கேட்டால், 78,000 என்பதே வாயைப் பிளக்க வைக்கும் கூட்டம்தான், அதற்கு மேல் ஏன் சண்டை என்பதுதான். ஆனால் ‘15 ஆண்டு தோற்கவில்லை’ என்ற பொய்யை நான் திட்ட மாட்டேன். அன்று ஆண்ட்ரேவின் முதுகு கிட்டத்தட்டப் போயிருந்தது, நின்றாலே வலி. ஓடி ஆடிக் காட்ட முடியாத ஆளை வைத்து ஒரு ஸ்டேடியத்தை நிரப்ப, அவர் ஒரு தடவை விழுவதே பெரிய விஷயம் என்று எல்லாரையும் நம்ப வைக்க வேண்டியிருந்தது. நம்ப வைத்தார்கள்.

பாத்திரங்களைப் பற்றிய கேள்விகள் வேறு மாதிரி. இவற்றைக் கேட்பவர்களில் பாதிப் பேர் சிறுவர்கள், மீதிப் பேர் சிறுவர்களாக இருந்தபோது கேட்காமல் விட்டவர்கள். என் அக்கா மகன் ஒருநாள், “மாமா, கேன் தீயில வெந்துட்டாருன்னுதானே மாஸ்க் போட்டிருந்தாரு? கழட்டினப்ப ஒரு தழும்புகூட இல்லையே?” என்றான். நியாயமான கேள்வி. 1997 அக்டோபரில் கேன் வந்தபோது சொன்ன கதை, இவர் அண்டர்டேக்கரின் தம்பி, சிறு வயதில் வீட்டில் பற்றிய தீயில் செத்துவிட்டார் என்று நினைத்திருந்தார்கள், முகமெல்லாம் வெந்துபோனதால் மாஸ்க் என்பது. 2003 ஜூனில் ட்ரிபிள் எச்சிடம் தோற்று மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே சாதாரண முகம், கண்ணைச் சுற்றி அப்பிய கறுப்பு மட்டும். கதைக்குள் இதற்குச் சொன்ன சமாதானம், தழும்பு முகத்தில் இல்லை, மனத்தில்தான், முகம் கோரமாகிவிட்டதாக அவரே நம்பிக்கொண்டிருந்தார் என்பது. வெளிக் காரணம் எளிது. அடுத்த பல ஆண்டுகள் வாரா வாரம் டிவியில் வரப்போகிற ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் தீக்காய மேக்கப் போட முடியுமா? நான் இரண்டையும் சொன்னேன். “மனசுல தழும்புங்கறதே நல்லா இருக்கு” என்றான். எனக்கும் அப்படித்தான்.

அதே கேனாக வந்த கிளென் ஜேகப்ஸ் அதற்கு முன் ஐசக் யாங்கெம் என்ற பல் டாக்டராக வந்தவர். அதற்கும் கேனுக்கும் இடையில், கெவின் நேஷ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்பதற்காக அவருடைய டீசல் வேடத்தைப் போட்டு இறக்கிவிடப்பட்டவர். பிறகு நிஜ வாழ்க்கையில் டென்னஸியில் நாக்ஸ் கவுன்டியின் மேயரானார், 2018-இல். பல் டாக்டர், போலி டீசல், வெந்த தம்பி, மேயர். நாலையும் ஒருவரே செய்தார் என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1990 சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் மார்க் கேலவே அண்டர்டேக்கராக வந்தார். வந்த புதிதில் அவரையே ‘கேன் தி அண்டர்டேக்கர்’ என்றுதான் அழைத்தார்கள். முன்பாதியைக் கழற்றிவிட்டு, ஏழு ஆண்டு கழித்துத் தம்பிக்குக் கொடுத்தார்கள். கையில் சாம்பல் பானையோடு கூடவே வந்த பால் பேரர், அதாவது வில்லியம் மூடி, உண்மையிலேயே இறுதிச்சடங்குத் தொழில் படித்துச் செய்தவர். இவ்வளவு இட்டுக்கட்டலுக்கு நடுவில் இது ஒன்று அசல். 1994 ஜனவரியில் யோகோசூனாவோடு சவப்பெட்டி ஆட்டம். அண்டர்டேக்கரைப் பெட்டியில் போட்டு மூடினார்கள், ஆவி திரையில் மேலே ஏறிப் போனது. ஆகஸ்டில் இரண்டு அண்டர்டேக்கர்கள் நேருக்கு நேர் நின்றார்கள். எது நிஜம், எது போலி என்று இன்னும் கேட்கிறார்கள். போலி, பிரையன் லீ. நிஜ ஆள் அந்த இடைவெளியில் செத்தும் போகவில்லை, எங்கும் ஏறிப் போகவும் இல்லை. முதுகு வலிக்கு ஓய்வில் இருந்தார்.

அல்டிமேட் வாரியர் செத்துவிட்டார், பிறகு வந்தது வேறு ஆள் என்ற வதந்தி இதைவிடப் பிரபலம். 1991-இல் சம்பளத் தகராறில் விலக்கப்பட்டு, 1992 ரெஸ்ல்மேனியாவில் திடீரென்று ஓடி வந்தபோது முடி குட்டையாக இருந்தது, உடம்பும் இளைத்திருந்தது. அது போதாதா? இணையம் இல்லாத காலத்தில் அந்த வதந்தி எப்படித்தான் நாடு நாடாகப் பரவியதோ. ஆனால் ஒரே ஆள்தான், ஜிம் ஹெல்விக். தன் பெயரையே சட்டப்படி வாரியர் என்று மாற்றிக்கொண்டார். உண்மையில் இறந்தது 2014 ஏப்ரல் 8 அன்று. கம்பெனியின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்து மூன்று நாள், ரா என்ற வாராந்திர டிவி நிகழ்ச்சியின் மேடையில் பேசி ஒரு நாள். கதை எழுதுகிறவர் யாரும் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

யார் எந்த நாடு என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஜப்பானிய சுமோ வீரர் யோகோசூனா சமோவா வம்சாவளி அமெரிக்கர். ரஷ்யர் நிக்கோலாய் வோல்காஃப் குரோஷியர். முகமது ஹசன் இத்தாலிய அமெரிக்கர். ஜிண்டர் மஹால் கனடாவின் கேல்கரியில் பிறந்தவர். அயர்ன் ஷேக் மட்டும் அசல் ஈரானியர்.

இனி பொருள்கள். டீ-ஷர்ட், பொம்மை, பெல்ட் பற்றிக் கேட்பவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்பார்கள், வரலாறு கேட்பவர்கள் அளவுக்குத் தங்களுக்கு மரியாதை இல்லை என்பதுபோல. எனக்கு என்னவோ இந்தக் கேள்விகள்தான் அதிகம் பிடிக்கும். கதையை எழுதுகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். விற்பனைக்கு வரும் பொருளில் யாருக்கு என்ன உரிமை என்று பொடி எழுத்தில் அச்சடித்தே ஆகவேண்டும்.

பழைய ஹோகன் பொம்மை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹல்க் ஹோகன் என்ற பெயரின் வணிக உரிமை மார்வெல் காமிக்ஸுக்கு என்று இருக்கும். பச்சை நிற ஹல்க் மார்வெலுடையது என்பதால் 1980களில் ஒப்பந்தம் போட்டார்கள். ஹோகன் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மார்வெலுக்கு 100 டாலர், அவர் பெயரில் விற்கும் பொருள்களில் 0.9 சதவீதம். உலகையே ஆட்டிப்படைத்த ஹல்கமேனியா தன் பெயருக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை எந்த வர்ணனையாளரும் சொன்னதில்லை, அட்டை சொல்கிறது.

டீ-ஷர்ட் ஒன்றைக் காட்டி ‘இது அந்தக் காலத்து ஒரிஜினலா?’ என்று கேட்டால் நான் படத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கைமடிப்பு. விளிம்பில் ஒற்றை வரித் தையல் ஓடினால் பெரும்பாலும் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தியது. இரண்டு வரி இணையாக ஓடினால் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் கழுத்துப்பட்டை லேபிள். அப்புறம் படத்துக்குக் கீழே பொடியாக இருக்கும் உரிமை வரி. டைட்டன் ஸ்போர்ட்ஸ் என்று இருந்தால் 1990களின் இறுதிக்குப் பிந்திய சட்டையாக இருக்க முடியாது, கம்பெனி அந்தப் பெயரை அப்போதே விட்டுவிட்டது. பொம்மைகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை. முதுகிலோ காலிலோ பொறித்திருக்கும் ஆண்டு பல சமயம் அச்சு செய்த ஆண்டு. அதே அச்சில் வேறு பெயிண்ட் அடித்து ஐந்து வருடம் கழித்தும் விற்பார்கள். எல்.ஜே.என். ரப்பர் பொம்மை 1980களில், ஹாஸ்ப்ரோ 1990-இலிருந்து 1994 வரை, பிறகு ஜாக்ஸ், 2010-இலிருந்து மேட்டல் என்ற வரிசை நினைவில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பழைய ஆட்டங்களின் டிவிடியில் ஏன் ஒரு மூலை மங்கலாக இருக்கிறது என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. காரணம் ஒரு பாண்டா. கம்பெனியின் அப்போதைய பெயரான டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மூன்று எழுத்துக்கு, பாண்டா சின்னம் கொண்ட உலக வனவிலங்கு நிதியமும் சொந்தக்காரர். 1994-இல் இரு தரப்பும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ரெஸ்லிங் கம்பெனி மீறியது என்று வழக்காகி, தோற்று, 2002 மே மாதத்தில் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. 1990களின் கடைசியில் வந்த கிறுக்கல் எழுத்து லோகோதான் சிக்கல், முந்தைய கட்டம் கட்டிய லோகோ இல்லை. அதனால் ஸ்டீவ் ஆஸ்டின், ராக் ஆகிய நட்சத்திரங்களின் காலத்து ஆட்டங்கள் பல ஆண்டுகள் மங்கலாகவே ஓடின, வர்ணனையில் அந்தக் கடைசி எழுத்தைக்கூட வெட்டினார்கள். 2012-இல் சமரசமான பிறகுதான் தெளிந்தது.

ஆஸ்டின் என்றதும் அந்தக் கறுப்பு சட்டை. ‘ஆஸ்டின் 3:16’ என்றால் என்ன என்று அதைப் போட்டுக்கொண்டிருப்பவர்களே கேட்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1996 மே 19, மேடிசன் ஸ்கொயர் கார்டன். நேஷும் ஸ்காட் ஹாலும் எதிர்க் கம்பெனிக்குப் போகிறார்கள். ஷான் மைக்கேல்ஸும் ட்ரிபிள் எச்சும் பாத்திரத்தை மறந்து, எதிரிகளாக ஆடியவர்களை ரசிகர்கள் முன்னாலேயே கட்டிப்பிடித்து வழியனுப்பினார்கள். நிர்வாகத்துக்குக் கோபம். இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள், மைக்கேல்ஸ் சாம்பியன், மீதி இருந்தவர் ட்ரிபிள் எச். அவருக்கு என்று வைத்திருந்த கிங் ஆஃப் தி ரிங் டோர்னமென்ட் வெற்றி ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. ஜூன் 23, மில்வாக்கி. அரையிறுதியில் ஆஸ்டினின் உதடு கிழிந்து மருத்துவமனை போய்த் தையல் போட்டுத் திரும்பினார். இறுதியில் எதிரி ஜேக் ராபர்ட்ஸ், மதப்பிரசங்கி போலப் பேசிக்கொண்டிருந்தவர். வென்ற கையோடு ஆஸ்டின் மைக்கைப் பிடித்து, யோவான் 3:16 என்று பைபிள் வசனம் சொல்கிறாயே, ஆஸ்டின் 3:16 கேள், உன்னைப் புடைத்து எடுத்துவிட்டேன் என்கிற மாதிரி பேசினார். மறுநாளே கூட்டத்தில் கையால் எழுதிய அட்டைகள் முளைத்தன. அந்தச் சட்டையின் முன்பக்கம் படம்கூட இல்லை, வெறும் பெயரும் எண்ணும். ஒரு கட்டிப்பிடித்தலுக்குக் கொடுத்த தண்டனையில் பிறந்து, இன்றும் விற்கிறது.

பெல்ட் கேட்பவர்கள் பெரும்பாலும் விலை கேட்பார்கள், எனக்கு ரிக் ஃப்ளேர் கதைதான் சொல்லத் தோன்றும். 1986-இல் செய்த பெரிய தங்க நிறப் பெல்ட்டுக்கு ஃப்ளேர் 25,000 டாலர் டெபாசிட் கட்டியிருந்தார். 1991-இல் எதிர்க் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வை விட்டு விலகியபோது டெபாசிட் திரும்ப வரவில்லை, பெல்ட்டும் திரும்பப் போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு மக்மானிடம் வந்து, நிஜமான உலக சாம்பியன் நான்தான் என்றார். வழக்கு வந்தது. அதன் பிறகு டிவியில் அவர் வேறொரு பெல்ட்டைத் தூக்கிக் காட்ட, அதன் மேல் மங்கல் படலம் போட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு உள்ளே பெரிய தங்கம்தான் ஒளிந்திருக்கிறது என்று தோன்றும். கதையும் வழக்கும் ஒரே திரையில் ஓடிய அபூர்வ சந்தர்ப்பம்.

எல்லாக் கேள்விக்கும் இரண்டு பதில் சொல்வேன் என்றேன். ஓவன் ஹார்ட் பற்றிக் கேட்டால் ஒன்றுதான். 1999 மே 23, கன்சாஸ் சிட்டி. நீல மாஸ்க் போட்ட ப்ளூ ப்ளேஸர் பாத்திரத்தில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டியவர் கீழே விழுந்து இறந்தார். வர்ணனையில் இருந்த ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகள் அவசரமும் அழுகையும் நடித்துக் காட்டிப் பழக்கிய தொழிலில், அதை நம்ப வைப்பதே பாடாகிவிட்டது. அரங்கில் நிகழ்ச்சி அதன் பிறகும் தொடர்ந்தது. வழக்குப் போட்டு 18 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்ட அவர் மனைவி மார்த்தா, டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ஹால் ஆஃப் ஃபேமில் கணவர் பெயரைச் சேர்க்க இன்றுவரை சம்மதிக்கவில்லை. 2021-இல் ஏ.இ.டபிள்யூ. என்ற இன்னொரு ரெஸ்லிங் கம்பெனியோடு மார்த்தாவின் அறக்கட்டளை உடன்பாடு செய்துகொண்டது. ஓவன் பெயரில் ஒரு கோப்பை, சட்டைகள், பொம்மை, வீடியோ கேமில் ஒரு இடம். அதனால் ஓவன் ஹார்ட் சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், ஏ.இ.டபிள்யூ. கடையில் பாருங்கள், அங்கே வாங்கினால் அந்தக் குடும்பம் ஒத்துக்கொண்டு விற்கும் சட்டை என்று மட்டும் சொல்கிறேன்.